சின்ன எண்ணைத் திருத்துகிறவர்

எங்கேயாவது இரண்டு பேர் ஒத்துப்போகாமல் உட்கார்ந்திருந்தால் சாப்பாடு இறங்காத மனிதர்கள் ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தலையாட்டல், அந்தப் பக்கம் ஒரு தலையாட்டல் என்று உட்கார்ந்திருப்பவர். மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, உள்ளே கேட்ட கத்தலைத் தெருவே கேட்டிருந்தாலும், “அவர் கோபமா இல்ல, உங்க மேல அக்கறையா இருக்கார்” என்று சொல்பவர். மருத்துவமனை வரிசையில் முன்பின் தெரியாத இருவர் இடத்துக்காக முட்டிக்கொண்டால் நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க” என்று தீர்ப்புச் சொல்லித் தன் இடத்தைப் பறிகொடுத்துவிட்டு வருபவர். ஊர் இவரைத் தங்கமான மனிதர் என்கிறது. நான் வேதியியல் ஆசிரியை. நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வேறு: சின்ன எண்ணைத் திருத்துகிறவர்.

பெயரை விளக்க வேண்டுமானால் உங்களைக் கொஞ்ச நேரம் வகுப்பில் உட்காரவைக்க வேண்டும். பயப்படாதீர்கள், கேள்வி கேட்க மாட்டேன். ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் தனியாக அலைவதில்லை, ஜோடி ஜோடியாகத்தான் திரியும். ஆக்சிஜனும் அப்படியே. இரண்டும் சேர்ந்து எரிந்தால் தண்ணீர். தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன், இது வேதியியலை வெறுத்தவர்களுக்கும் தெரியும். ஆகவே கரும்பலகையில் H₂ + O₂ → H₂O என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு எண்ணினால் இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. இன்னொன்று எங்கே போனது? எங்கும் போகாது. அணுக்களுக்குக் காணாமல்போகும் வழக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் ஒத்துவரும்படி சமன்பாட்டைச் சரிசெய்ய வேண்டியது நம் பொறுப்பு.

நேர்மையான வழி கொஞ்சம் அலைச்சல் பிடித்தது. தண்ணீருக்கு முன்னால் ஒரு பெரிய 2 போட வேண்டும். அதாவது உண்டாவது ஒரு தண்ணீர் இல்லை, இரண்டு. உடனே வலப்பக்கத்து ஹைட்ரஜன் நான்காகிவிடும். மறுபடி இடப்பக்கம் ஓடிவந்து ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு 2 போட வேண்டும். திரும்ப எல்லோரையும் எண்ண வேண்டும். ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் வேலை வந்து நிற்கும். பெரிய சமன்பாடு என்றால் நாலைந்து தடவை இப்படிப் போய்வர வேண்டும்.

நம்மவருக்கு இந்த அலைச்சல் ஒத்துவராது. அவர் கண்ணை ஓட்டுவார், எங்கே ஒன்று குறைகிறது என்று பார்ப்பார், தண்ணீரின் கடைசியில் நிற்கும் ஆக்சிஜனின் காலடியில் சத்தமில்லாமல் ஒரு சின்ன 2 எழுதிவிடுவார். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. யாரையும் மறுபடி எண்ண வேண்டாம், யாருக்கும் தொந்தரவில்லை. ஒரே ஒரு குறை, அது இப்போது தண்ணீர் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு. பார்வைக்குத் தண்ணீர்தான். புண்ணில் ஊற்றினால் நுரைக்கும், முடியில் தடவினால் நிறம் போகும், குடித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. முன்னால் நிற்கும் பெரிய எண் ‘எத்தனை’ என்று சொல்கிறது. கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன எண் ‘என்ன’ என்று சொல்கிறது. எத்தனையை மாற்றலாம். என்னவை மாற்றினால் நீங்கள் சமன்பாட்டைச் சரிசெய்யவில்லை, வேறு சமன்பாடு எழுதிவிட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இதைச் செய்வார்கள். சிவப்பு மையில் சுழிப்பேன், திட்டுவேன், இரண்டாவது மாதம் திருந்திவிடுவார்கள். சம்பளம் வாங்குகிற வயதில் இருப்பவர்கள்தான் திருந்துவதில்லை. அவர்களுக்குச் சிவப்பு மை போட ஆள் கிடையாதே.

என் அத்தானை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அக்காவின் கணவர். இந்த வகையில் நான் நெருக்கமாகப் பார்த்த மிகச் சிறந்த மாதிரி அவர்தான். நகரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. பெரிய தொட்டிகளில் மண்ணைப் படியவைத்து, மணல் வழியாக வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிற இடம். வடிகட்டும் பிரிவில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன செய்யும்? யார் யாரைத் திட்டினாலும் அது அவர் வழியாகப் போனால் பாராட்டாகப் போய்ச் சேரும். பம்பு அறையில் இரண்டு பேருக்கு நெடுநாள் பகை. அத்தான் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அதன் விளைவாக இருவருமே எதிராளி மன்னிப்புக் கேட்டுவிட்டதாக நம்புகிறார்கள். இருவரும் பெரிய மனதோடு மன்னித்தும்விட்டார்கள். மன்னிப்புக் கேட்டவர்தான் யாருமில்லை. மன்னித்த பிறகும் எதிராளிக்கு நன்றியே இல்லையே என்ற வருத்தம் மட்டும் இரண்டு பக்கமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் அவருடைய கருவி ஒரு டம்ளர். கையில் டம்ளர் இல்லாமல் அவர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மனிதனை யார் சந்தேகப்படுவார்கள்? அக்கா சமையலறையில் ஒன்று சொல்வாள். அத்தான் டம்ளரோடு கூடத்துக்கு வருவார், குரலைத் தாழ்த்துவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைக்கிற நேரத்தில் வாக்கியம் திருத்தப்பட்டுவிடும். “அந்த அர்த்தத்துல சொல்லல” என்பது தொடக்கம். “விடு, நான் பேசிக்கிறேன்” என்பது முடிவு. நடுவில் என்ன சொன்னார் என்பது கேட்டவருக்கும் ஞாபகம் இருக்காது. மனசு லேசான மாதிரி மட்டும் இருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் பதவி உயர்வு வந்தது. மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் அடிப்படை வேதியியலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. குளோரின் கலக்கிறவருக்குக் குளோரின் என்றால் என்ன என்று தெரிந்திருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள், அந்த யாரோ நன்றாக இருக்க வேண்டும். அத்தான் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துத் தெருதான். சாயங்காலங்களில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பள்ளியில் நாள் முழுவதும் சொல்லி அலுத்ததை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் நாள், முதல் சமன்பாடு, அந்தச் சின்ன 2. நான் எதிர்பார்த்ததுதான். அது தண்ணீர் இல்லை என்றேன். ஏறக்குறைய தண்ணீர்தானே என்றார். குடிதண்ணீர் நிலையத்தில் வேலைசெய்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு அன்று என் வீட்டுக் குழாயை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மோல் இன்னும் மோசமாகப் போயிற்று. மோல் என்றால் ஒன்றும் பூதமில்லை. அணுக்களைக் கையால் எண்ண முடியாது, அதனால் எடைபோட்டு எண்ணுகிறோம், அவ்வளவுதான். டஜன் என்றால் பன்னிரண்டு. மோல் என்றால் ஒரு ராட்சத எண்ணிக்கை, ஏறக்குறைய ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று பூச்சியம். ஒரு டஜன் எலுமிச்சம்பழமும் ஒரு டஜன் பூசணிக்காயும் எண்ணிக்கையில் சமம்; தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் வித்தியாசம் தெரியும். அதேபோல ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு இரண்டு கிராம்தான், ஒரு மோல் ஆக்சிஜன் வாயு முப்பத்திரண்டு கிராம்.

இதைக் கேட்டதும் அத்தானின் முகம் வாடிவிட்டது. ஒருவர் இரண்டு கிராம் கொடுப்பாராம், இன்னொருவர் முப்பத்திரண்டு கொடுப்பாராம், இரண்டுக்கும் ‘ஒன்று’ என்றே பெயராம், இது ஆக்சிஜனுக்கு நியாயமா என்று கேட்டார். முப்பத்தாறு கிராம் தண்ணீர் வேண்டுமானால் எது எவ்வளவு தேவை என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். நான்கு கிராம் ஹைட்ரஜன், முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன் என்பது விடை. அத்தான் ஆளுக்குப் பதினெட்டு என்று எழுதிக் கீழே அழகாகக் கோடும் போட்டிருந்தார். கூட்டினால் முப்பத்தாறு வருகிறதே என்றார். வரும். ஆனால் அப்படிக் கலந்து பற்றவைத்தால் தண்ணீர் இருபது கிராம்தான் கிடைக்கும், ஹைட்ரஜன் பெரும்பகுதி வேலையில்லாமல் மிஞ்சி நிற்கும். “மிஞ்சினா மிஞ்சட்டும்மா, சண்டை இல்லையே” என்றார். எண்ணிக்கை தெரியாத ஆள் அவர் இல்லை, எடை பார்க்காத ஆள். இது வேறு வியாதி.

அந்த வியாதியின் ஆழம் எனக்குப் பிடிபட்டது அக்கா மகள் விஷயத்தில்தான்.

அவள் படித்தது வானிலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நாளைக்கு எங்கே மழை என்று பார்க்கிற படிப்பு. மலை உச்சியில் ஒரு கண்காணிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டும், அடிக்கடி வரவும் முடியாது. அவள் ஆசைப்பட்டுப் படித்ததே இப்படி ஓர் இடத்துக்காகத்தான். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவும் பெண்ணும் ஒரு காலையில் வாய்ச்சண்டை போட்டார்கள், சாயங்காலத்திலிருந்து பேச்சு நின்றது. வேலையில் சேர்கிறேன், இல்லை என்று பதில் எழுத வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் வேலையை விட்டால் வாழ்நாள் முழுக்க அம்மாவைக் குத்திக்காட்டுவாள். சண்டையோடே கிளம்பிப்போனால் அக்கா அந்த ஒரு வருஷத்தில் பாதியாகிவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் அந்த வீடு தாங்காது. அத்தானுக்கும் அது தெரியும். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

முதலில் நியாயமான ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்தார். ஆளுக்கு ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். அக்கா காலையில் வானொலியைச் சத்தமாக வைப்பதை விட்டுவிட வேண்டும். மகள் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். இருவரும் ஒன்றொன்று விட்டாயிற்று, கணக்கு நேர். இதை அவர் கண்ணிமைக்காமல் என்னிடம் சொன்னபோது, பூசணிக்காய் உதாரணம் கொடுத்த வாயை நானே கடித்துக்கொண்டேன். மகள் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாளாம்.

அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் இதுதான்: சில நாள் கழித்துப் போனால் வீடு குளிர்ந்திருந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடினாள். மகள் அவள் தோளை உரசிக்கொண்டு போய் நெய் டப்பாவை எடுத்தாள். இன்னும் அந்த வேலையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறிவருகிற புண்ணைத் தொட வேண்டாம் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள் போலிருக்கிறது. எப்படி முடிந்தது என்று அத்தானைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நான் பேசினேன்மா” என்றார்.

இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? ஒரு தச்சர் வரும் வரை.

மகளின் அறைச் சுவரில் ஓர் அலமாரி அடிக்க அக்கா தச்சரை வரச்சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அத்தானும் சாப்பாட்டு மேசையில் இரும்பு துருப்பிடிப்பதைச் சமப்படுத்திக்கொண்டிருந்தோம். அது கொஞ்சம் படுத்துகிற சமன்பாடு, ஆக்சிஜனுக்கு மூன்று, இரும்புக்கு நான்கு என்று போக வேண்டும். அத்தான் ஏற்கெனவே துருவின் காலடியில் பேனாவைக் கொண்டுபோய்விட்டார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தேன். உள்ளே தச்சர் அளவெடுப்பது கதவு வழியாகத் தெரிந்தது. மேசைக்கு மேலேயே, உட்கார்ந்தபடி கைநீட்டி எடுக்கிற உயரத்தில், கதவில்லாத திறந்த அலமாரியாக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். சற்று நேரத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் வந்தாள். தூசி நுழையாதபடி கதவு போட்டுப் பூட்டு வைக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மா எனக்காகச் செய்கிறாள் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிப்போனாள்.

தச்சர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நிறைய வீடு பார்த்த சலிப்பு அவர் முகத்தில் இருந்தது.

“ஐயா, அம்மா தினமும் எடுக்குற மாதிரி திறந்த அலமாரி கேக்குறாங்க. பாப்பா கதவு போட்டுப் பூட்டணும்னு சொல்லுது, ஒரு வருஷத்துக்குத் திறக்க மாட்டாங்களாம். நான் எதைச் செய்யறது?”

அத்தான் சமன்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பாதிக்குக் கதவு வெச்சிருங்க” என்றார்.

தச்சருக்கு இது புதிதில்லை போலும். சரி என்று திரும்பினார். ஆனால் அதற்குள் அக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஒரு வருஷம் ஏன் திறக்கமாட்டாள் என்று தச்சரைக் கேட்டாள். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் டம்ளரை எடுத்தார். டம்ளரில் தண்ணீர் நிறைய இருந்தது, அதனால் எங்கும் போக வழியில்லாமல் மறுபடி வைத்தார். மகள் துண்டை அவிழ்த்துக்கொண்டே அறையிலிருந்து வந்தாள்.

“செவ்வாக்கிழமை கெளம்புறேன்ல, அப்புறம் யாரும்மா அதைத் திறப்பா?”

“எங்க கெளம்புறே?”

“என்னம்மா, நீதானே சரின்னே?”

“நான் எப்ப சரின்னேன்? நீதானே வேலை வேணாம்னுட்டே?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் அத்தான் பக்கம் திரும்பினார்கள். தச்சரும் திரும்பினார். நான் மட்டும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க” என்றார் அத்தான்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. மகள் அவரிடம் சொல்லி அனுப்பியது இது: அம்மாவுக்கு வேண்டாமென்றால் நான் போகவில்லை, ஆனால் அதை அம்மாவே என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடத்தைக் கடப்பதற்குள் இதில் அம்மாவும் முகமும் உதிர்ந்துபோய், ‘நான் போகவில்லை’ என்பது மட்டும் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா ஆனந்தப்பட்டு அலமாரிக்குச் சொல்லியிருக்கிறாள். எதிர்த் திசையில் அக்கா சொன்னதும் இதே கதிக்கு ஆளாகி, ‘அம்மாவுக்குச் சம்மதம், கொஞ்சம் வருத்தம் அவ்வளவுதான்’ என்று மகளிடம் போயிருக்கிறது. அவள் அன்றே வேலையில் சேர்வதாகப் பதில் எழுதிவிட்டாள். தூசி நுழையாத அலமாரி அம்மாவின் பெருந்தன்மை என்று நினைத்திருக்கிறாள்.

நிலைமையை நினைத்துப்பாருங்கள். நாளை மறுநாள் வண்டி. அம்மாவுக்கு அது இப்போதுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை தவறினால் இந்தப் பெண் ஒன்று பெட்டியைப் பிரித்துவிடுவாள், அல்லது திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

அக்கா கத்தவில்லை. கரண்டியை மேசைமேல், எங்கள் சமன்பாட்டின் மேலேயே வைத்தாள். நாற்காலியை இழுத்து அத்தானுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

“நான் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?”

“உனக்குக் கொஞ்சம் வருத்தம்னு...”

“இல்ல.”

“நீ அவ்வளவா விரும்பலைன்னு...”

“இல்ல. நான் சொன்னதை அப்படியே அவகிட்ட சொல்லுங்க.”

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

“அம்மாவுக்குப் பிடிக்கலை” என்றார் மகளைப் பார்த்து.

“அப்புறம்?”

“அவ்வளவுதானே.”

“இன்னொண்ணு சொன்னேன்.”

தச்சர் மெதுவாக அறைக்குள் போய்விட்டார். அத்தான் அக்காவைப் பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை அது. என்னிடம் எத்தனையோ மாணவர்கள் கரும்பலகை முன்னால் நின்று அப்படிப் பார்த்திருக்கிறார்கள், நானும் பாவம் என்று உட்காரச் சொல்லியிருக்கிறேன். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

“அவ போயிட்டா...” என்று ஆரம்பித்தார்.

“ம்.”

“அவ போயிட்டா, இந்த வீட்டில அம்மாகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்ல ஆளே இல்லையாம்.”

கேலி செய்வதற்காகத்தான் நான் இவரைக் கவனித்துவந்தேன். உங்களிடம் மறைப்பானேன், அந்த நிமிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மனசு கனத்துப்போயிற்று. அவர் அந்த வாக்கியத்தைத் திருத்தியதற்குக் காரணம் வீட்டு அமைதி மட்டுமில்லை. வேறு எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் போயிருப்பார், இதை எப்படித் தூக்குவார்? இருபதடிக் கூடம்தான். அந்தத் தூரத்தை அதைச் சுமந்துகொண்டு கடக்க அவரால் முடியவில்லை. அக்கா சொன்னது அவர் காதில் விழவேயில்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் ஒரு எழுத்து விடாமல் வைத்திருந்தார்.

மகள் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ என்னைப் பார்த்து வேணாம்னு சொல்லும்மா. நான் போகல.”

அக்கா அவளைப் பார்த்தாள். ஈரத் தலையை, தோளில் சொட்டும் தண்ணீரை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

“எனக்குப் பிடிக்கல” என்றாள். “போயிட்டு வா.”

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று. எந்த ஆசிரியையும் இதற்கு மதிப்பெண் போட மாட்டாள். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பிடிக்கவில்லை என்பதை மறைத்துக்கொண்டு கிடைக்கிற சம்மதத்தோடு ஒரு வருஷம் மலைமேல் இருக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டுக் கொடுத்த சம்மதத்தோடு இருக்கலாம். அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அறைப் பக்கம் திரும்பி, தச்சரிடம், முழுக்கக் கதவு வையுங்கள், பூட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பென்சிலால் சுவரில் எழுதியதைத் தச்சர் மூன்றாம் முறையாக அழிக்கிற சத்தம் கேட்டது.

அத்தான் மகளின் கையைப் பிடித்தார்.

“பார்த்தியா, அம்மாவுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்...”

மகள் அவரையே பார்த்தாள்.

“...இல்ல. பிடிக்கல” என்று முடித்தார்.

அவள் போனாள். வண்டி நிலையத்தில் அக்கா அழுதாள், மகள் அழுதாள், இருவரும் எதற்காக அழுகிறார்கள் என்று விளக்கம் சொல்ல அத்தான் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். இப்போது மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அக்கா ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறாள், தூதுக்கு வேலையில்லை. ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது மகள் கூப்பிட்டாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அத்தான் வழக்கம்போல நல்லா இருக்கா என்று எடுத்தார், நிறுத்தினார், எழுந்து கூடத்தில் நடந்தார். பிறகு சொன்னார்: முட்டி வலிக்கிறது, ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, உன் அலமாரியை இரண்டு தடவை திறந்து மூடினாள். சொல்லி முடித்தபோது மூட்டை இறக்கிய மாதிரி வேர்த்துவிட்டது அவருக்கு. அக்கா வந்ததும் தான் என்ன சொன்னேன் என்று அவளிடமும் ஒப்பித்தார். அவள் அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுத் தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

முழுக்கத் திருந்திவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பரீட்சையில் தேறினார். துருப்பிடிக்கும் இரும்புதான் கேள்வி, நான்கு, மூன்று, இரண்டு என்று சரியாக எழுதியிருக்கிறார். கூட எழுதியவர் தேறவில்லை. அவரிடம் போய், நானும் ஏறக்குறைய தேறாத மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இவ்வளவும் படித்த பிறகு உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மாமாவோ, பெரியப்பாவோ, பக்கத்து மேசைக்காரரோ. அவர் படிக்கட்டும் என்று இதை நீட்டலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக. ஆனால் நீட்டும்போது, “சும்மா சிரிக்கிறதுக்கு எழுதியிருக்காங்க, உங்களைப் பத்தி இல்ல” என்று சொல்லத்தானே நாக்கு துடிக்கிறது? அவசரப்பட்டு மறுக்காதீர்கள். இன்று வீட்டுக்குப் போய், உங்களோடு நெடுநாள் இருப்பவரை உட்காரவைத்து, நான் இப்படிப்பட்ட ஆளா என்று நேராகக் கேளுங்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆமாம் என்றால் கவலையில்லை, வீட்டில் ஒருவராவது பிழைத்திருக்கிறார். “சேச்சே, நீங்க அப்படி இல்லவே இல்ல” என்று உடனே சொன்னால், உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.